17 ஆண்டுகள் நின்ற எஞ்சின்: எழுப்புவதா, பிரிப்பதா, மாற்றுவதா?

மலேசியாவின் பாகான் டாலாமில் எங்கள் வீட்டின் பின்புறம் உள்ள தகரச் சாய்ப்பின் கீழ் அப்பாவின் ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் 17 ஆண்டுகளாக நின்றிருந்தது. 1978இல் அதை வாங்கிய அப்பா, பட்டர்வொர்த் துறைமுகத்திற்கு வேலைக்குப் போய்வருவதும் அதில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்ரியில் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு எங்களை அழைத்துப் போவதும் அதில்தான். 1985இல் பாலம் திறந்த பிறகும் அவர் ஃபெர்ரியை விடவில்லை. கண்பார்வை மங்கிச் சாவியை ஆணியில் மாட்டிய நாளில் அந்த வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஓடும் நிலையில் நிறுத்தப்பட்ட எஞ்சினும், கெட்டுப்போனதால் நிறுத்தப்பட்ட எஞ்சினும் பார்வைக்கு ஒன்றுபோலத் துருவும் தூசியுமாக நின்றாலும், அவற்றுக்குச் செய்ய வேண்டியவை வேறு வேறு. ஆகவே பழைய வண்டி ஒன்றை எழுப்ப நினைப்பவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், அது ஏன் நின்றது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சென்ற ஆண்டு அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர முடிவு செய்தபோது, வீட்டைச் சுற்றியே பல கருத்துகள் எழுந்தன. அண்ணன், பழைய எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் புதிய 110 சிசி எஞ்சினைப் பூட்டிவிடலாம் என்றார். புக்கிட் மெர்தாஜாமில் நெடுங்காலமாகக் கப்சாய் எனப்படும் இவ்வகைச் சிறு மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டிவரும் மெக்கானிக் ஒருவர், "தம்பி, இத்தன வருசம் நின்னத அப்படியே ஸ்டார்ட் பண்ணக்கூடாது, அடி வரைக்கும் பிரிச்சிப் பாத்துடுவோம்" என்றார். மேற்பகுதியைத் திறந்து பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றினால் போதும் என்பது மைத்துனரின் எண்ணம். எனக்கோ, எதையும் திறக்காமல் மெல்ல எழுப்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இந்த நான்கு வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானவற்றைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சில சொற்கள். 1958இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப்பின் வழிவந்தது சி70. பினாங்குக்குச் சிறுவனாக வந்து சேர்ந்த லோ பூன் சியூ, 1950களின் இறுதியில் ஹோண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்றதால், இந்த நாட்டில் அந்த வண்டியின் வரலாறு எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. கப் என்ற பெயரே பேச்சில் கப்சாய் ஆனது. உலகம் முழுவதும் சூப்பர் கப் வகை வண்டிகளின் உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது என்பதால், உதிரிப் பாகம் கிடைக்குமா என்ற கவலை இதில் குறைவு. எஞ்சினின் அளவுகளும் எளிமையானவை: 47 மி.மீ. விட்டம், 41.4 மி.மீ. ஸ்ட்ரோக், ஏறத்தாழ 72 சிசி. சிலிண்டர் தலைக்குள் சுழன்று வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம் ஷாஃப்டைச் சங்கிலி ஒன்று இழுக்கிறது. கிளட்சுக்கும் கியருக்கும் எஞ்சினுக்கும் ஒரே ஆயில். அதுவும் முக்கால் லிட்டரை ஒட்டிய அளவே. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை, பழைய 6 வோல்ட் வண்டிகளில், சக்கரம்போல் சுழலும் மேக்னட்டோ தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆகையால் பேட்டரி செத்துக் கிடந்தாலும் எஞ்சின் ஓடும்.

திறக்காமல் எழுப்பும் வழியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கெடுத்துக்கொள்வது இங்கேதான். பிளக்கைக் கழற்றி அந்தத் துளைவழியே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் விட்டு, கிக்கரை மிதிப்பது என்பதே வழக்கமான முறை. சி70இன் சிலிண்டர் நிமிர்ந்து நிற்பதன்று. முன்சக்கரத்தை நோக்கிப் படுத்திருப்பது. ஊற்றிய எண்ணெய் கீழ்ச்சுவரில் தேங்கிக் கிடக்குமே தவிர, மேற்சுவரில் ரிங் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தை அது எட்டாது. அதனால் நான் முன்சக்கரத்தைக் கயிறு கட்டிச் சாய்ப்பின் உத்தரத்தில் தூக்கிக் கட்டினேன். வண்டி பின்சக்கரத்தில் உட்கார்ந்ததுபோல் சாய்ந்து, சிலிண்டர் செங்குத்தை நெருங்கியதும், டீசலும் மெல்லிய கியர் ஆயிலும் கலந்து பிஸ்டன் தலை மூழ்கும் அளவுக்கு ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் டார்ச்சடித்துப் பார்த்தபோது மட்டம் இறங்கியிருந்தது. ரிங்குகளைச் சுற்றி எண்ணெய் வழி கண்டுபிடித்துக்கொண்டது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை. மீண்டும் நிரப்பி, மொத்தம் 9 நாள் விட்டேன்.

இவ்வளவு பொறுமை எனக்கு இயல்பாக வந்ததன்று. 19 வயதில், இதே போன்ற வேறொரு கப்சாயை, ஒரு மூடி எண்ணெய் ஊற்றி அன்று மாலையே கிக்கரில் ஏறி நின்று மிதித்தேன். நான்காவது மிதியில் எஞ்சின் விட்டுக்கொடுத்தது, ஓடவும் ஓடியது. மூன்றாம் நாள் பின்னால் நீலப்புகை. திறந்தபோது, துருவில் ஒட்டியிருந்த ரிங் ஒன்று உடைந்து, அதன் துண்டு சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நகக்கீறலைப் போட்டிருந்தது. அதுவரை யாரும் கைவைக்காத முதல் அளவுச் சிலிண்டர் அது. அதன்பின் போர் போட்டு, அதாவது உட்சுவரைக் கடைந்து, பெரிதாக்குவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. கிக்கருக்கும், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்குக்கும் இடையே பல்சக்கரங்கள் உள்ளன. நாம் காலால் கொடுக்கும் விசை உள்ளே எத்தனை மடங்காகிறது என்பதைக் கால் உணராது. இடப்புற மூடியைக் கழற்றி, மேக்னட்டோ சக்கரத்தின் நடு நட்டில் ஸ்பேனரைப் போட்டு, இடஞ்சுழியாக மெல்ல முன்னும், பிறகு ஒரு மயிரிழை பின்னும் அசைத்துப் பார்ப்பதே சரி. பிடிப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கை உடனே உணர்ந்துகொள்ளும்.

சுழல ஆரம்பித்த பிறகும் அவசரப்படக் கூடாது. சிலிண்டர் தலையின் மேலும் கீழும் உள்ள இரண்டு வட்ட மூடிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால், ராக்கர் கைகள் வால்வுகளை அழுத்துவதையும் வால்வுகள் ஸ்பிரிங்கால் திரும்பி வருவதையும் கண்ணாலேயே பார்க்கலாம். எங்கள் வண்டியில் புகைவால்வு இறங்கியது, திரும்பவில்லை. கடைசியாக நின்றபோது அது பாதி திறந்த நிலையில் நின்றிருக்க வேண்டும். சைலன்சர் வழியாக 17 ஆண்டு ஈரக்காற்று உள்ளே போய்வந்து, வால்வின் தண்டைத் துரு கவ்விக்கொண்டிருந்தது. சைலன்சரின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதுகூட ஓரளவு காப்பாற்றியிருக்கிறது என்றே நினைக்கிறேன். தண்டின் மேல் துருநீக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மரக்கட்டையின் முனையால் தட்டித் தட்டி, அரைநாளில் அதை வழிக்குக் கொண்டுவந்தேன். பார்க்காமல் மிதித்திருந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்திருக்கும்.

பழைய ஆயிலை வடித்தபோது முதலில் விழுந்தது அரைக் கோப்பைத் தண்ணீர். அதன்பின் தே தாரிக் என்ற பால்தேநீரின் நிறத்தில் ஒரு கூழ். ஆயிலோடு தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். இதை ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எஞ்சினின் அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்று திறக்காமலே சொல்லக்கூடிய முதல் சாட்சி அதுதான். வலப்புற மூடிக்குள் இருக்கும் ஆயில் வலையையும், கிளட்சின் முகப்பில் உள்ள சுழல்வடிகட்டியையும் சுத்தம் செய்யாமல் புதிய ஆயில் ஊற்றுவதில் பயனில்லை. அந்த வடிகட்டிக்குள் களிமண்போல் ஒட்டியிருந்த கசடை நான் ஐஸ்கிரீம் குச்சியால் வழித்தெடுத்தேன். புதிய ஆயில் ஊற்றிய பின், பிளக் இல்லாமலே கிக்கரைப் பலமுறை மெல்ல மிதித்து, மேல்மூடி வழியாக ராக்கரில் ஆயில் கசிவதைப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும். பழைய 6 வோல்ட் தலைகளில் கேம் ஷாஃப்ட் அலுமினியத்தின் மேலேயே நேரடியாகச் சுழல்வது. காய்ந்த நிலையில் சில விநாடிகள் ஓடினாலே தலை போய்விடும்.

மற்றவை எளிது. இருக்கைக்கு அடியில் உள்ள டேங்கை வினிகரில் ஊறவைத்து, சோடா மாவு கரைத்த தண்ணீரால் அலசி, வெயிலில் உடனே காயவைத்தேன். கார்புரேட்டரின் ஜெட் துளைகளைக் கம்பியால் குத்தாமல், கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதினேன். தீப்பொறியைத் தூண்டும் பாயிண்டை நுண்தாளால் தேய்த்து 0.3 முதல் 0.4 மி.மீ. வரையிலான இடைவெளியிலும், வால்வுகளை 0.05 மி.மீ. இடைவெளியிலும் வைத்தேன். புதிய பிளக், புதிய ரான் 95 பெட்ரோல். அவ்வளவே.

இந்த வழியின் மிகப் பெரிய சிறப்பு, செலவு குறைவு என்பதைவிட, எதையும் இழக்காமல் பின்வாங்க முடியும் என்பது. ஆயில், பிளக், பெட்ரோல் ஆகியவற்றின் விலையும் நம்முடைய வார இறுதிகளுமே போகும். எஞ்சினின் எந்த உலோகமும் குறையாது, வலப்புற மூடியின் கேஸ்கெட்டைத் தவிர வேறெந்த கேஸ்கெட்டும் கிழியாது. ஆனால் இதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓடுகிறது என்பது வேறு, சாலைக்குத் தகுதியானது என்பது வேறு. முதல் சத்தம் கேட்டவுடன் தெருவில் ஒரு சுற்றுப் போய்வரும் ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, மீண்டும் நிரப்பி, காதால் கேட்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. நான் சொல்வது சி70 போன்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கே பொருந்தும். வெஸ்பா முதலான இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை வைத்திருப்பவர்கள் இந்த வழியை நம்ப வேண்டாம். அவற்றில் கிராங்க் அறைதான் பெட்ரோல் கலவையை அழுத்தி மேலே அனுப்புகிறது. அந்த அறையின் ஆயில் சீல்கள் ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகிப்போனால் வெளிக்காற்று உள்ளே புகும். காற்று கூடினால் கலவையில் பெட்ரோலும் குறையும், அதோடு வரும் ஆயிலும் குறையும். எஞ்சின் நன்றாக ஓடுவதுபோலவே ஓடி, பாதி வழியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அங்கே சீல்களை மாற்றுவதுதான் தொடக்கம்.

அடுத்த வழி, மேற்பகுதியை மட்டும் திறப்பது. தலையையும் சிலிண்டரையும் கழற்றி, வால்வுகளை உட்காரவைத்து, பிஸ்டன், ரிங் மாற்றி, தேவைப்பட்டால் லேத் பட்டறையில் போர் போட்டு 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற வரிசையில் ஏதோ ஓர் ஓவர்சைஸ் பிஸ்டனை, அதாவது அந்த அளவுக்குப் பெரிதான பிஸ்டனை, பூட்டுவது. எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலே செய்துவிடலாம் என்பதாலும், பாகங்கள் எளிதாகக் கிடைப்பதாலும், நம் ஊர்ப் பட்டறைகளில் மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுவது இதுவே. கேம் சங்கிலியையும், ரப்பர் இறுகிப்போன அதன் உருளையையும் இதே வேலையோடு மாற்றிக்கொள்ளலாம். மைத்துனர் இதைச் சொன்னதில் தவறொன்றும் இல்லை.

நான் இதை ஏற்காததற்குக் காரணம் வேறு. நீண்ட நாள் நின்ற எஞ்சினில் மேற்பகுதி கெட்டிருந்தால், அதைக் கெடுத்த அதே ஈரம் அடிப்பகுதியையும் தொட்டிருக்கும். தேய்ந்த பிஸ்டன் கொண்ட எஞ்சினில் அழுத்தம் குறைவு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனை பேரிங் கொஞ்சம் ஆடினாலும் அந்தக் குறைந்த சுமையில் இன்னும் சில காலம் ஓடிவிடும். அதன்மேல் புதிய பிஸ்டனையும் ரிங்கையும் பூட்டி முழு அழுத்தத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு வெடிப்பின் அடியும் அந்த நொந்த பேரிங்கில்தான் இறங்கும். சில மாதங்களில் அடிப்பகுதியைப் பிரிக்க நேரும். அப்போது புதிதாகப் போட்ட கேஸ்கெட்டும் கூலியும் வீண். அதைவிட வருத்தம் தருவது போர் போடுவது. சிலிண்டரிலிருந்து சுரண்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஓவர்சைஸ் வரிசையில் ஒரு படி போய்விடும். 'திறந்ததுதான் திறந்தோம், ஒரு போர் போட்டுவிடுவோம்' என்று பட்டறையில் சொல்வது வழக்கம். அளவுமானி வைத்துச் சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, தேய்மானம் எல்லையைத் தாண்டியிருப்பதைக் கண்ணால் பார்க்காமல் அதற்குச் சம்மதிக்கவே கூடாது.

மேற்பகுதி மட்டும் போதும் என்று எப்போது சொல்லலாம்? அடிப்பகுதி நலமாக இருக்கிறது என்று தனியே உறுதியான பிறகு. அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பிளக் துளைவழியே ஒரு மூங்கில் சாப்ஸ்டிக்கை விட்டு, அதன் முனை பிஸ்டன் தலையில் படும்படி விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மேக்னட்டோ சக்கரத்தை இப்படியும் அப்படியும் சிறிது அசைக்க வேண்டும். சக்கரம் அசைந்தவுடன் குச்சியும் அசைந்தால் நல்லது. சக்கரம் கொஞ்சம் நகர்ந்து, அதன்பிறகே குச்சி அசையத் தொடங்கினால், இடையில் எங்கோ ஆட்டம் இருக்கிறது. இதைப் பிஸ்டன் நடுவழியில் நிற்கும்போது செய்ய வேண்டும்; உச்சியில் நிற்கும்போது சக்கரம் நகர்ந்தாலும் பிஸ்டன் இயல்பாகவே அசையாமல் இருக்கும், அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. சிலிண்டரின் அழுத்தத்தை மானியில் அளந்து அது குறைவாக இருந்தால், ஒரு தேக்கரண்டி ஆயிலைச் சிலிண்டரில் விட்டு மீண்டும் அளக்கலாம்: எண் ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன முழுப்பிரிப்பு, நான்கில் மிகவும் நேர்மையான வழி. அதில் ஊகத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு பேரிங்கையும் கையில் பிடித்துச் சுழற்றிப் பார்க்கலாம். ஆனால் அதன் விலை பணத்தில் மட்டும் இல்லை. சி70இன் கிராங்க் இரண்டு சக்கரங்களுக்கிடையே ஓர் அச்சை அழுத்திப் பூட்டிய அமைப்பு; அடிமுனை பேரிங்கை மாற்ற அதை அழுத்துயந்திரத்தில் பிரித்து, மீண்டும் பூட்டி, இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் சுழல்கிறதா என்று டயல் மானியில் பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டும். இதைத் தெரிந்து செய்பவர்கள் குறைந்துவருகிறார்கள். தலையைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் பென்சில் பருமன்கூட இல்லாத 6 மி.மீ. கம்பிகள், பழைய அலுமினியத்தில் அவற்றின் மரை உரிந்துகொண்டு வருவதும் உண்டு. திறக்கும் ஒவ்வொரு மூடியும் ஏதோ ஓர் அபாயத்தையும் திறக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆயில் கசிவுக்காக யாரும் முழுப்பிரிப்புக்குப் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: செயின் பல்சக்கரத்தின் சீல், கியர் மிதியின் சீல், மேக்னட்டோ பக்கத்துச் சீல் ஆகியவற்றை வெளியிலிருந்தே மாற்றலாம்.

இந்த வழியில் போகிறவர் கவனிக்க வேண்டிய ஒன்று, எஞ்சின் எண். அது எஞ்சினின் இடப்பக்க வெளிக்கூட்டின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவிலும், கிரான் என்ற வண்டி உரிமைப் பத்திரத்திலும் இருப்பது அதே எண். நண்பர் ஒருவர் தம் வண்டியை ஒரு பட்டறையில் முழுப்பிரிப்புக்குக் கொடுத்தார். மரை உரிந்துபோன இடப்பக்கக் கூட்டுக்குப் பதிலாக, வேறொரு வண்டியின் கூட்டை அவரிடம் சொல்லாமலே பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். எஞ்சின் அருமையாக ஓடியது. பரிசோதனைக்குக் கொண்டுபோன அன்றுதான் எண் வேறு என்று தெரிந்தது. பழைய கூட்டைத் தேடிப் போனபோது அது இரும்புக்கடைக்குப் போய்விட்டிருந்தது. வண்டியைக் கொடுப்பதற்கு முன் எண்ணைப் படம் எடுத்து வைப்பதும், கழற்றிய பாகம் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வதும் கட்டாயம்.

அண்ணன் சொன்ன வழியைச் சுருக்கமாகவே பார்க்கிறேன். இந்த வகை எஞ்சினைக் கூட்டின் பின்புறமுள்ள இரண்டு போல்ட்கள்தான் தாங்குகின்றன; அதே அமைப்பில் பிற்காலத்தில் வந்த பல எஞ்சின்கள் அப்படியே உட்காரும். நாள்தோறும் வேலைக்குப் போக வண்டி வேண்டும், பழமை முக்கியமில்லை என்பவருக்கு இது குறைந்த நாளில் நிறைந்த பயன் தரும் வழி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எஞ்சினை மாற்றினால் பரிசோதனைக்குக் கொண்டுபோய், இலாகாவின் ஒப்புதல் பெற்று, புதிய எண்ணைப் பதிவில் ஏற்ற வேண்டும். 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். வண்டி இன்னும் அப்பாவின் பெயரில் இருந்ததால், பெயர்மாற்ற வேலையும் எஞ்சின்மாற்ற வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். இதையெல்லாம் செய்த பிறகு எஞ்சியிருப்பது அப்பாவின் சட்டமும் சக்கரமும்தான். அந்த எஞ்சினின் சத்தத்தைத் தெருமுனையில் கேட்டுத்தான் அம்மா சாப்பாட்டை எடுத்துவைப்பார். அது இல்லாத வண்டிக்காக நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அதற்குப்பின் அவர் வற்புறுத்தவில்லை.

ஆகவே நான் வகுத்துக்கொண்ட வரிசை இது: முதலில் திறக்காமல் எழுப்புவது, அது என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்து, ஒன்று அங்கேயே நிற்பது அல்லது நேராக முழுப்பிரிப்புக்குப் போவது. மேற்பகுதியை மட்டும் திறப்பதை, அடிப்பகுதி நலம் என்று உறுதியானால் மட்டுமே எண்ணிப் பார்ப்பது. மாற்று எஞ்சின், கூடு உடைந்திருந்தால் ஒழியப் பேச்சில் இல்லை.

பத்தாம் நாள் மாலை, ஏழாவது உதையில் எஞ்சின் எழுந்தது. சைலன்சரிலிருந்து ஊறிய எண்ணெயெல்லாம் வெண்புகையாக வந்து, பக்கத்து வீட்டுச் சமையலறை வரை போயிற்று. இரண்டு நிமிடத்தில் புகை அடங்கியது, ஓட்டம் சீரானது. ஆயில் சூடேறிய பிறகு, வேகத்தைக் கொஞ்சம் உயர்த்திச் சீராகப் பிடித்தால், அடியிலிருந்து ஒரு டொக் டொக் சத்தம். பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தமாக இருந்தால், சூடு ஏற ஏற உலோகம் விரிந்து சத்தம் குறையும். இது கூடியது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, சாப்ஸ்டிக் சோதனையைச் செய்தேன். தொடக்கத்தில், கெட்டியான பழைய ஆயில் இடைவெளியை நிரப்பியிருந்ததாலோ என்னவோ, குச்சியில் தெரியாத ஆட்டம், இப்போது தெளிவாகத் தெரிந்தது. இனி எழுப்புகிறவர்கள் இந்தச் சோதனையை இருமுறை செய்யட்டும்: சுழல ஆரம்பித்தவுடன் ஒருமுறை, முதல் ஓட்டத்திற்குப் பின் ஒருமுறை.

எஞ்சினை இறக்கிப் புக்கிட் மெர்தாஜாமுக்குக் கொண்டுபோனேன். இரண்டு கூடுகளையும் பிரித்து, கிராங்கை அழுத்திப் பிரித்தபோது, மெக்கானிக் அண்ணன் அந்த அச்சை விளக்குக்குக் கீழே பிடித்துக் காட்டினார். பளபளப்பான உருக்கின் மேல், ரோலர்கள் 17 ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்திருந்த இடங்களில், சீப்பின் பற்களைப்போல் இணையிணையாகக் கருங்கோடுகள். நகத்தால் வருடினால் ஒவ்வொரு கோடும் தட்டுப்பட்டது. ஆயிலில் கலந்த தண்ணீர் அரித்த தடம் அது. மேற்பகுதியை மட்டும் திறந்திருந்தால் இதை யாரும் பார்த்திருக்க முடியாது. அச்சு, ரோலர், ராட் மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றினோம். கிராங்கின் இரு பக்கத்துப் பேரிங்குகளும் சீல்களும் புதியவை. கியர்களில் குறையொன்றும் இல்லை.

சிலிண்டரை மூன்று இடங்களில் அளந்தோம். மேற்சுவரில் ரிங் நின்ற இடத்தில் ஒரு மெல்லிய துருநிழல்; ஹோன் கல்லால் மெல்லத் தேய்த்தவுடன் அதுவும் மறைந்தது. தேய்மானம் எல்லைக்குள் இருந்ததால் போர் போடவில்லை. பிஸ்டனின் கரியைச் சுரண்டி எடுத்தபோது அதன் தலையில் ஓவர்சைஸ் எண் எதுவும் இல்லை; தொழிற்சாலையில் பூட்டிய முதல் பிஸ்டன். புதிய ரிங்குகளோடு அதையே திரும்பப் பூட்டினோம்.